பாலியைக் கழற்றச் சொல்பவரும், பாலியைத் தலையில் கட்டுபவரும்



நீளமான பதிவு இது. மாடியில் சோலார் போட்டவர்களும் போடப் போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், வருத்தப்பட மாட்டேன்.

இந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஐந்து போன் வந்துவிட்டது. மூன்று பேர் மாணவர்கள், இரண்டு பேர் உறவு. விஷயம் ஒன்றுதான். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் சோலார் போட்ட வீடுகளுக்கு ஒருவர் பைக்கில் வருகிறார். மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது பாலி பேனல். காலாவதியான சரக்கு. இதைக் கழற்றிட்டு மோனோ போடுங்க, கரண்ட் டபுளா வரும்" என்கிறார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொட்டேஷன், கையோடு லோன் பேப்பரும். என் சித்தி ஒருவரிடம் "பாலின்னா பாலிதீன் மாதிரி, பிளாஸ்டிக் கலப்பு" என்றே சொல்லியிருக்கிறார்கள். சித்தி நகையை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, போகிற வழியில் எனக்குப் போன் பண்ணினார்.

இன்னொரு வகை வியாபாரியும் இருக்கிறார். பழைய ஸ்டாக்கில் பாலி பேனல் மீந்து கிடக்கிறது, அதை விற்றாக வேண்டும். அவர் நேர்மாறாகச் சொல்கிறார்: "மோனோ எல்லாம் குளிர் நாட்டுக்குங்க. நம்ம ஊர் வெயிலுக்குப் பாலிதான் தாங்கும். விலையும் கம்மி."

இருவர் சொல்வதும் தப்பு. என் கட்சி இதுதான்: ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பாலி பேனலைக் கழற்றாதீர்கள். புதிதாகப் போடுகிறவர்கள் பாலி வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்கிறேன் என்றால், எல்லாம் ப்ளஸ் டூ கணக்குதான். முப்பது வருடம் போர்டில் எழுதிய பழக்கம், இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதலில், பாலி என்றால் என்ன, மோனோ என்றால் என்ன?

இரண்டும் ஒரே சிலிக்கான். பிளாஸ்டிக்கும் இல்லை, கலப்படமும் இல்லை. 'பாலி' என்றால் பல, 'மோனோ' என்றால் ஒன்று. பல படிகங்கள் சேர்ந்தது பாலி, ஒரே படிகம் மோனோ. அவ்வளவுதான் பெயர்க்காரணம்.

அச்சு வெல்லமும் கற்கண்டும் நினைத்துப் பாருங்கள். காய்ச்சிய பாகை அச்சில் ஊற்றி ஆறவிட்டால் கெட்டியாகிவிடும், ஆனால் உள்ளே பொடிப் பொடியாகப் பல படிகங்கள். அதே இனிப்புக் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டு நாள்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தால் பெரிய பெரிய கற்கண்டு விளையும். சிலிக்கான் 1,414 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. உருகியதை சதுரத் தொட்டியில் வைத்து அடியிலிருந்து மெதுவாகக் குளிரவிட்டால் பாலி கட்டி. உருகிய சிலிக்கானில் ஒரு சிறு விதைப் படிகத்தைத் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்தால் தூண் போல ஒரே படிகமாக வளரும். அது மோனோ. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் போலந்து நாட்டு வேதியியலாளர் யான் சோக்ரால்ஸ்கி, ஆண்டு 1916. தூண் உருண்டையாக இருப்பதால்தான் அதை வெட்டிச் செய்த பழைய மோனோ செல்களின் நான்கு மூலையும் வெட்டுப்பட்டிருக்கும். பாலி செல் முழுச் சதுரம்.

பாலியில் படிகமும் படிகமும் சேரும் இடத்தில் எல்லைக்கோடு இருக்கிறது. வெயில் பட்டு விடுபட்ட எலக்ட்ரான்களில் கொஞ்சம் அந்த எல்லையில் மாட்டிக்கொண்டு வீணாகும். மோனோவில் அந்த எல்லை இல்லை. மோனோவின் மேற்பரப்பு முழுவதையும் காரத்தில் பொறித்து நுண்ணிய பிரமிடுகளாக ஆக்கலாம். எல்லாம் ஒரே திசைப் படிகம் என்பதால் அது சாத்தியம். உள்ளே போன ஒளி எளிதில் திரும்பாது. அதனால்தான் மோனோ கறுப்பாகவும், பாலி நீலத்தில் திட்டுத்திட்டாகவும் தெரிகிறது. கறுப்பு என்பது பெயின்ட் இல்லை, பிள்ளைகளே. திரும்பி வராத வெளிச்சம்.

ஆக மோனோ உயர்ந்ததுதான். நான் மறுக்கவில்லை. பாலி பேனலின் திறன் ஏறக்குறைய 15 முதல் 17 சதவீதம். இன்றைய மோனோ 20-க்கு மேல், புதிய டாப்கான் வகை 22-ஐத் தொடுகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

பொய் ஒன்று: "மோனோ போட்டா கரண்ட் டபுள்"

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 330 வாட் என்றோ 540 வாட் என்றோ இருக்கும். அந்த எண் எப்படி வந்தது? சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பம் 25 டிகிரி, இந்த நிபந்தனையில் சோதித்து எழுதிய எண் அது. பாலிக்கும் அதே சோதனை, மோனோவுக்கும் அதே சோதனை. 330 வாட் பாலியும் 330 வாட் மோனோவும் அந்தச் சோதனையில் தருவது ஒரே 330 வாட்தான். ஒரு படி அரிசியை மண்பானையில் போட்டாலும் வெண்கலப் பானையில் போட்டாலும் ஒரு படிதானே?

அப்படியானால் திறன் சதவீதம் எங்கே போனது? இடத்தில் போனது. 17 சதவீதப் பேனல் ஒரு சதுர மீட்டரில் 170 வாட் தரும். 21 சதவீதப் பேனல் 210 வாட் தரும். 3 கிலோவாட்டுக்குக் கணக்குப் போடுங்கள். பாலிக்கு 17.6 சதுர மீட்டர், அதாவது 190 சதுர அடி. மோனோவுக்கு 14.3 சதுர மீட்டர், 154 சதுர அடி. வித்தியாசம் 36 சதுர அடி, ஆறுக்கு ஆறு. ஒரு டபுள் கட்டில் போடும் இடம். மொட்டை மாடியில் ஒரு கட்டில் இடத்தை மிச்சப்படுத்த ஒன்றரை லட்சம் கடன் வாங்குவீர்களா?

அந்த 'டபுள்' எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் அனுப்பிய கொட்டேஷனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போது இருப்பது 3 கிலோவாட். போடப் போவது 5 கிலோவாட். அப்புறம் ஏன் கூடுதலாக வராது? 5 கிலோவாட் பாலி போட்டாலும்தான் கூடும்! மூன்று பேருக்குச் சமைத்த வீட்டில் ஐந்து பேருக்கு உலை வைத்துவிட்டு, "பாத்திரத்தை மாத்தினதாலதான் சோறு பொங்குச்சு" என்று சொல்கிற கதை.

பொய் இரண்டு: "நம்ம வெயிலுக்குப் பாலிதான் தாங்கும்"

இது மற்றவர் சொல்வது. சூடு ஏறினால் எல்லா சிலிக்கான் பேனலுக்கும் திறன் குறையும். எவ்வளவு என்று டேட்டா ஷீட்டிலேயே போட்டிருப்பார்கள். பாலிக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.40 சதவீதம், மோனோ பெர்க் வகைக்கு 0.35 வாக்கில், டாப்கானுக்கு 0.30 வாக்கில்.

நம் ஊர் சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். சோதனை செய்த 25 டிகிரியை விட 35 டிகிரி அதிகம். 35-ஐப் பெருக்குங்கள். பாலிக்கு 14 சதவீத நஷ்டம். பெர்க்குக்கு 12 சதவீதத்துக்குச் சற்று மேல். டாப்கானுக்கு பத்தரை. ஸ்டிக்கரில் 100 வாட் என்று இருந்தால் பாலி 86, பெர்க் 88, டாப்கான் 89 அல்லது 90.

ஆக வெயிலில் கூடுதலாகத் துவள்வது பாலிதான். சொன்னது தலைகீழ். அதே சமயம் வித்தியாசம் எவ்வளவு என்றும் பாருங்கள்: நூற்றுக்கு இரண்டு முதல் நாலு வாட். புதிதாக வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய அளவுதான். இருப்பதைக் கழற்றி எறிகிறவருக்கு அது காரணமே ஆகாது.

பொய் மூன்று: "நிழல்லயும் மோனோ வேலை செய்யும்"

இதை நம்பித்தான் பலர் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே பேனல் போட்டு ஏமாறுகிறார்கள். பேனலில் 60 அல்லது 72 செல்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். தொடர் இணைப்பு. தொடர் இணைப்பில் எங்கே அடைத்தாலும் மின்னோட்டம் முழுவதும் தடைபடும் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்தீர்கள். மொத்தமும் நின்றுவிடாமல் இருக்க, பேனலின் பின்னால் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடு வைத்திருப்பார்கள். ஒரு செல்லின் மேல் முழு நிழல் விழுந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு கழன்றுகொள்ளும். அந்தச் செல் பாலியாக இருந்தாலும் இதேதான், மோனோவாக இருந்தாலும் இதேதான். செல்லைப் பாதியாக வெட்டிச் செய்யும் பேனல்களில் நஷ்டம் கொஞ்சம் குறையும். அது வெட்டின விதத்தால் வருகிற நன்மை, மோனோ என்பதால் வருவதில்லை.

பக்கத்து வீட்டுத் தென்னை எட்டு வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மாடிக்குப் போய்ப் பாருங்கள். டிஷ் ஆன்டெனா, கொடிக்கம்பி, புதிதாக ஏற்றிய சின்டெக்ஸ் டேங்க் எல்லாவற்றையும் பாருங்கள். உங்கள் கரண்ட் குறைந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே நிற்கும்.

இனி பணக் கணக்கு

3 கிலோவாட் பாலி, எட்டு வருடம் ஆனது. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு வருடச் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் என்பது வழக்கமான கணக்கு. புதிதில் 12 யூனிட். வருடம் 0.7 சதவீதம் தேய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எட்டு வருடத்தில் 5.6 சதவீதம். இப்போது 11.3 யூனிட். அதைக் கழற்றிவிட்டு அதே 3 கிலோவாட்டில் புது மோனோ போட்டால், சூட்டுக் கணக்கையும் சேர்த்து 12.3 யூனிட் வரும். நாளுக்கு ஒரு யூனிட் லாபம். வருடம் 365 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாகவே போடுங்கள், ஏறத்தாழ 3,000 ரூபாய்.

செலவு 1,60,000. வகுத்துப் பாருங்கள். 53 வருடம். புதுப் பேனலின் உத்தரவாதமே 25 வருடம்தான். கடனுக்கு வட்டி வேறு. வாங்கினவர் அசலை எடுப்பதற்குள் பேரன் ரிட்டயர் ஆகிவிடுவான்.

"சார், மானியம் கிடைக்கும்னு சொல்றாங்களே?" என்று ஒருவன் கேட்டான். 2024-இல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் ஏற்கெனவே சோலாருக்கு வேறு மானியம் வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது. பழையதற்கு மானியம் வாங்கினீர்களா என்று அந்த பைக் ஆசாமி கேட்டாரா? கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிய பிறகு, "விண்ணப்பம் ரிஜெக்ட் ஆயிடுச்சுங்க, நாங்க என்ன பண்றது" என்பார்.

இன்னொன்று கேட்கிறேன். காலாவதியான, ஒன்றுக்கும் உதவாத பேனல் என்கிறாரே, அதை அவர் ஏன் அவ்வளவு அக்கறையாகத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்? என் உறவில் ஒரு வீட்டில் 'பைபேக்' என்று ஐயாயிரம் கழித்துக்கொண்டு ஒன்பது பேனலை எடுத்துப் போனார்கள். பிறகு அவை ஒரு கோழிப்பண்ணைக் கூரையில் செகண்ட் ஹேண்டாக ஏறிவிட்டன. அங்கே நன்றாக ஓடுகின்றனவாம். அங்கே ஓடும் பேனல் இங்கே ஏன் ஓடாமல் போனது?

எடுத்துப் போய் விற்காமல் உடைத்துப் போட்டால் அது இன்னும் மோசம். கண்ணாடி, அலுமினியம், செல்லோடு ஈயம் கலந்த பற்றவைப்பும் அதில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் பதினைந்து வருடம் உழைக்கக்கூடிய பொருளைக் குப்பையாக்கிவிட்டு, சுற்றுச்சூழலுக்காக மோனோ போட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

"அப்போ டெக்னாலஜி முன்னேறவே கூடாதா சார்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். முன்னேறட்டும். 1954-இல் பெல் ஆய்வகத்தில் செய்த முதல் நடைமுறை சிலிக்கான் செல்லின் திறன் சுமார் 6 சதவீதம். அதுவும் ஒற்றைப் படிகம்தான். மோனோ செய்ய அதிக மின்சாரமும் நேரமும் பிடித்ததால், மலிவு வழியாகத்தான் பாலி பின்னால் வந்தது. பாலி இல்லாவிட்டால் சோலார் நம் போன்ற நடுத்தர வீட்டு மாடிக்கு அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அப்புறம் சிலிக்கான் கட்டியை மெல்லிசாக அறுக்க வைரத்தூள் பதித்த கம்பி வந்தது. வீணாகும் தூள் குறைந்தது, மோனோ விலை இறங்கியது. 2018-19 வாக்கில் உலகச் சந்தையில் மோனோ பாலியைத் தாண்டிவிட்டது. இன்று பாலி ஏறக்குறைய தயாரிப்பிலிருந்தே போய்விட்டது.

அதனால்தான் புதிதாகப் போடுகிறவர்களைப் பாலி வேண்டாம் என்கிறேன். மலிவு என்பார்கள். மலிவு பேனலில் மட்டும்தான். ஸ்டாண்டு, வயர், இன்வெர்ட்டர், எர்த்திங், ஆள் கூலி எதுவும் மலிவாகாது. இடம் கூடுதலாகப் பிடிப்பதால் ஸ்டாண்டு செலவு ஏறக்கூடச் செய்யும். ஐந்து வருடம் கழித்து ஒரு பேனல் உடைந்தால் அதற்கு ஜோடி கிடைக்காது. பத்து வருட ஸ்டாக்குக்கு உத்தரவாதம் தர யார் இருப்பார்கள்?

மோனோவுக்கு மாறுவதில் நியாயமும் சில இடங்களில் உண்டு. மாடி சின்னது, ஏசி வாங்கிவிட்டீர்கள், பேட்டரி ஸ்கூட்டர் வந்துவிட்டது, மேலும் மின்சாரம் வேண்டும். அப்போதும் பழையதைக் கழற்றாமல், மிச்சமுள்ள இடத்தில் புது மோனோவைத் தனி வரிசையாக, தனி இணைப்பில் போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். பழைய பாலி வரிசைக்கு நடுவில் ஒரு புது மோனோவைச் செருக விடாதீர்கள். பழைய 330 வாட் பேனலில் ஓடுவது 9 ஆம்பியருக்குப் பக்கம். புது 540 வாட் பேனலில் 13. தொடர் இணைப்பில் குறைந்த ஆம்பியர்தான் எல்லாருக்கும் பொது. புதியதற்குக் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு போகும்.

மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

1. மாசி, பங்குனியில் மேகமில்லாத நாள் நண்பகலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். 3 கிலோவாட் பழைய பாலி 2.2 கிலோவாட் அளவு காட்டினால் அது ஆரோக்கியமாக இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

2. அதைவிட ரொம்பக் குறைந்தால் முதலில் கழுவுங்கள். விடியற்காலையில் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் மத்தியானம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உப்பு போர் தண்ணீர் என்றால் கழுவியதும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் நிரந்தரமாகிவிடும்.

3. நிழலைப் பாருங்கள். தென்னை ஓலையை வெட்ட ஆள் கூலி சில நூறு ரூபாய்தான்.

4. அப்புறம் எலக்ட்ரீஷியனை வைத்து இணைப்பு, பைபாஸ் டயோடு, இன்வெர்ட்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பத்து, பன்னிரண்டு வருடத்தில் மாற்றவேண்டி வரும் பொருள். பழுதாவது பெரும்பாலும் அதுதான், பழி மட்டும் பேனல் மேல் விழுகிறது.

5. யார் கொட்டேஷன் கொடுத்தாலும் பழைய கிலோவாட் எத்தனை, புதிய கிலோவாட் எத்தனை, வருடத்துக்கு எத்தனை யூனிட் கூடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் டபுள் என்கிறவர் பேப்பரில் எழுத மாட்டார்.

நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. சோலார் வேண்டாம் என்று சொல்லும் ஆளும் இல்லை. இரண்டு லட்சம் என்பது நம் வீடுகளில் ஒரு பிள்ளையின் காலேஜ் ஃபீஸ். இரண்டு ஆங்கில வார்த்தைகளுக்குப் பயந்து அதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். என்னிடம் படித்தவர்கள் யாராவது சோலார் தொழிலில் இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: நேர்மையாக விற்றால் நானே பத்து வீடு பிடித்துத் தருவேன். பொய் சொல்லி விற்றால் கமெண்டிலேயே பெஞ்ச் மேல் ஏற்றிவிடுவேன்.

கொட்டேஷன் வைத்திருப்பவர்கள் படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். போன் பண்ணுகிறவர்கள் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம். அது என் தூக்க நேரம், உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பைக்கில் வருகிறவர் முதலில் பேசுவது அவர்களிடம்தான்.